நாற்பது வருடமாக அதே கடற்கரை: ழான் ரொலானின் பயமுறுத்தாத பேய்ப்படங்கள்

பிரான்சின் வடக்கே, நார்மாண்டியில், தியேப் துறைமுகத்தை ஒட்டி பூர்வில் என்று ஒரு சின்னக் கடற்கரை இருக்கிறது. மணல் கிடையாது, கூழாங்கல்தான். பின்னால் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை செங்குத்தாக எழும்பி நிற்கும், அலையின் வேகத்தைக் குறைக்க அடித்து வைத்த மரக்கட்டைகள் கறுத்துப்போய் வரிசையாகக் கடலுக்குள் இறங்கும், கடற்புறாக்கள் ஓயாமல் கத்தும். ஓவியர் மோனே 1882இல் இங்கே வந்து தங்கி இதே பாறைகளைத் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார். இரண்டாம் உலகப்போரில், 1942 ஆகஸ்டில் தியேப் தாக்குதல் நடந்தபோது கனடா சிப்பாய்கள் கரையேறிய இடங்களில் இதுவும் ஒன்று. இவ்வளவு சரித்திரம் உள்ள இடம்தான், ஆனாலும் பழைய திகில் படங்களைத் தேடித்தேடிப் பார்க்கிற கூட்டத்துக்கு இந்தக் கரை என்றால் ஒரே ஒரு ஆள்தான் ஞாபகத்துக்கு வருவார். ழான் ரொலான். எழுத்தைப் பார்த்து 'ரோலின்' என்று படிப்பவர்களும் உண்டு, நானும் ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ரொலான் 1958இல், இருபது வயது நிரம்பும் முன்பே, தன் முதல் குறும்படத்தை இந்தக் கரையில் எடுத்தார். திரிஸ்தான் கொர்பியேர் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கவிஞரின் கவிதைகளை வைத்து எடுத்த படம், பெயர் 'லெ ஸமூர் ஜோன்'. அதன்பிறகு வாம்பயர் படம் எடுத்தாலும் கொள்ளைக்காரர் கதை எடுத்தாலும் கல்லறைக் கதை எடுத்தாலும் ஏதாவது ஒரு சாக்கில் இங்கே வந்துவிடுவார். கதை பாரிஸின் நடுவில் நடந்துகொண்டிருக்கும், ஒரு திரைச்சீலையை விலக்குவார்கள், அந்தப் பக்கம் பூர்வில் கடற்கரை. எப்படி வந்தோம் என்றெல்லாம் கேட்கக்கூடாது. 2002இல் வந்த 'லா ஃபியான்ஸே த திராக்குலா' வரை, நாற்பத்துநான்கு வருடம், அதே கூழாங்கல், அதே மரக்கட்டைகள்.

அவர் படங்களை முதல்முதலாகப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இருபது நிமிடத்தில் நிறுத்திவிடுவார்கள். நானும் நிறுத்தினேன். பயமாக இல்லை, நடிப்பு மரக்கட்டை, வசனத்தைத் தூக்கத்தில் பேசுகிற மாதிரிப் பேசுகிறார்கள், பல்லைப் பார்த்தால் கடையில் வாங்கிய பொம்மைப் பல் என்று பச்சையாகத் தெரிகிறது, இதையெல்லாம் போய் 'கல்ட்' என்கிறார்களே என்றுதான் தோன்றியது. அப்புறம் ஒரு மாதம் கழித்தும் அந்த இருபது நிமிடத்தில் பார்த்த ஒரு காட்சி மண்டையை விட்டுப் போகவில்லை. இருட்டில் ஒரு பெரிய நாழிகைக் கடிகாரம், ஆள் உயரத்துக்கு மேல், நள்ளிரவு மணி அடிக்கிறது, கடிகாரத்தின் கதவு திறக்கிறது, உள்ளேயிருந்து ஒல்லியாக ஒரு பெண் நெளிந்து வெளியே வருகிறாள். அவ்வளவுதான் காட்சி. 1971இல் வந்த 'லெ ஃப்ரிஸோன் தே வாம்பீர்' படத்தில் வருகிறது. இது ஏன் மறக்க மாட்டேன் என்கிறது என்று யோசித்துத்தான் மறுபடி அவரிடம் போனேன்.

இதைப் புரிந்துகொள்ள அவருடைய சின்ன வயதிலிருந்து வரவேண்டும். பிறந்தது 1938 நவம்பர் 3, பாரிஸை ஒட்டிய நெய்யி-சூர்-சேன். அப்பா மேடை நாடக நடிகர், இயக்குநர். அம்மா தெனிஸ், ஓவியர்களுக்கு மாடலாக இருந்தவர், அந்தக்கால பாரிஸ் எழுத்தாளர் வட்டத்தில் பழகியவர். பெற்றோர் பிரிந்தபிறகு அம்மா, ஜார்ஜ் பத்தாய் என்ற எழுத்தாளரோடு சில வருடம் வாழ்ந்தார். பத்தாயைப் படித்தவர்களுக்குத் தெரியும், காமம், சாவு, தெய்வ நிந்தனை என்று எழுதிப் பலரைக் கதிகலங்க வைத்தவர். அந்த ஆள் 1943இல் வெஸ்லே என்ற மலையூரில் தெனிஸோடும் அவருடைய சின்னப் பையனோடும் ஒரே வீட்டில் இருந்தார், பையனுக்குக் கதையும் சொல்லியிருக்கிறார். நான்கைந்து வயதில் பத்தாய் வாயால் கதை கேட்ட குழந்தை பிற்காலத்தில் குடும்பப் படம் எடுக்கும் என்று எதிர்பார்ப்பது நம் தப்பு.

பத்தாயைவிட அதிகம் பாதித்தது சினிமாக் கொட்டகைதான் என்று நினைக்கிறேன். ஏபெல் கான்ஸ் எடுத்த 'காப்பித்தேன் ஃப்ரகாஸ்', போர்க்காலத்தில் வந்த படம், அதைப் பார்த்ததிலிருந்துதான் சினிமாப் பைத்தியம் பிடித்தது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். அப்புறம் வாராவாரம் வரும் அமெரிக்க சீரியல் படங்கள். ஒவ்வொரு வாரமும் நாயகன் பள்ளத்தில் விழுவதோடு 'தொடரும்' போட்டுவிடுவார்கள், அடுத்த வாரம் எப்படியோ பிழைத்திருப்பான். இந்தத் தொடர்கதை ருசி அவரைக் கடைசிவரை விடவே இல்லை. ஓபரா மாளிகைப் பூதக் கதையை எழுதிய கஸ்தோன் லெரூ மேல் தீராத காதல், 'மிதி-மினுயி ஃபான்தாஸ்டீக்' பத்திரிகையில் லெரூவைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார்.

இந்த இடத்தில் ஒரு சொல்லை விளக்கியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் ரொலான் பிடிபட மாட்டார். பிரெஞ்சுக்காரர்கள் 'ஃபான்தாஸ்டீக்' என்று ஒரு வகையைச் சொல்வார்கள். நாம் திகில் என்று சொல்வதோடு அது முழுக்கப் பொருந்தாது. திகில் படத்தின் வேலை உங்களைப் பயப்பட வைப்பது. ஃபான்தாஸ்டீக்கின் வேலை வேறு: சாதாரண உலகத்தில், பட்டப்பகலில், பொருந்தாத ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, விளக்கம் சொல்லாமல் நகர்ந்துவிடுவது. ஒரு மலையடிவாரக் கல்லறைத் தோட்டத்தில் பியானோ இருக்கிறது. ஏன் இருக்கிறது? இருக்கிறது. லூயி ஃபியூயாத் 1915-16இல் எடுத்த 'லே வாம்பீர்' என்ற பத்துப் பாகத் தொடரில் பெயரில்தான் வாம்பயர், ரத்தம் குடிக்கிற ஆளே கிடையாது, அது ஒரு திருட்டுக் கும்பலின் பெயர். போர் நடந்துகொண்டிருந்த சமயம், வெறிச்சோடிய நிஜப் பாரிஸ் தெருக்களில், கறுப்பு இறுக்க உடை போட்ட ஒரு பெண் கூரைமேல் நடந்துபோவாள். கனவையும் ஆழ்மனதையும் கலையாக்கிய சர்ரியலிஸ்டுகள் அந்தப் படத்தைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். ரொலானின் பாட்டனார் திராக்குலா கிடையாது, ஃபியூயாத்தான். முகமூடி, ரகசியக் கதவு, கும்பல், கூரை, வெறிச்சோடிய தெரு என்று அவர் பெட்டியில் இருக்கிற சாமான் எல்லாம் அங்கிருந்து வந்தது.

அதனால் அவர் படத்தை அமெரிக்க, இங்கிலாந்து வாம்பயர் படங்களோடு வைத்துப் பார்த்தால் தோற்றுத்தான் போவார். இங்கிலாந்தில் ஹாமர் கம்பெனி கோட்டை, குதிரைவண்டி, நல்ல நடிகர்கள் என்று ஒழுங்காகத் தைத்த உடுப்பு மாதிரிப் படம் எடுத்துக்கொண்டிருந்த காலம். பிரான்சில் அப்படி ஒரு மரபே கிடையாது. ஃபிரான்ழுவின் 'லே ஸியு சான் விசாழ்' 1960இல் வந்தது, பெரிய படம், ஆனால் அதன்பின் யாரும் வரிசையாக வரவில்லை. சினிமா என்றால் இளம் இயக்குநர்களின் 'புதிய அலை' கலைப்படம், இல்லாவிட்டால் நகைச்சுவை, இல்லாவிட்டால் போலீஸ் கதை. அங்கே உட்கார்ந்து ஒருத்தர் வாம்பயர் படம் எடுப்பேன் என்றால் விமர்சகர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரித்தார்கள்.

ராணுவ சேவைக் காலத்தில் படப்பிரிவில் எடிட்டராக இருந்தார், கூட இருந்தவர் பிற்காலத்தில் பெரிய இயக்குநரான குளோத் லெலூஷ். வெளியே வந்ததும் 'லிதினெரேர் மரான்' என்று ஒரு முழுநீளப் படம் ஆரம்பித்தார், எழுத்தாளர் மார்கெரித் த்யுராஸ் வசனத்தில் உதவினார், காசு தீர்ந்துபோய்ப் பாதியில் நின்றுவிட்டது. 1964இல் ஃபிராங்கோ ஆட்சிக்கு எதிராக ஸ்பெயினைப் பற்றி ஒரு சின்ன ஆவணப்படம். 1967இல் நிக்கோலா தெவில் வரைந்த 'சாகா த க்ஸாம்' என்ற பிரமாண்டமான காமிக்ஸுக்குக் கதை எழுதினார். இந்த வருடங்களை வேகமாகத் தாண்டுவோம், விஷயம் 1968இல்தான் இருக்கிறது.

பாரிஸில் ஒரு விநியோகஸ்தர் கையில் 1943இல் வந்த பழைய அமெரிக்க வாம்பயர் படம் ஒன்று இருந்தது. நீளம் போதாது, தனியாகத் திரையிட முடியாது. கூடச் சேர்த்து ஓட்ட அதே ரகத்தில் ஒரு சின்னப் படம் வேண்டும் என்றார். ரொலான் கேட்ட பணத்தைக் கொடுத்தவர் சாம் செல்ஸ்கி என்ற அமெரிக்கர். தங்களை வாம்பயர் என்று நம்பிக்கொண்டிருக்கிற நான்கு சகோதரிகள், அவர்களைக் குணப்படுத்த நகரத்திலிருந்து வருகிற ஒரு மனநல மருத்துவர், கடைசியில் எல்லாரும் செத்துப்போகிறார்கள். எடுத்ததைப் பார்த்த செல்ஸ்கிக்குப் பிடித்துப்போயிற்று, இதையே இன்னும் கொஞ்சம் நீட்டி முழுநீளப் படமாக்கிவிடலாமே என்றார். எல்லாரும்தான் செத்துவிட்டார்களே? வாம்பயர் ராணியைக் கொண்டுவந்து செத்தவர்களை எழுப்பிவிட்டு இரண்டாம் பாகம் எடுத்துச் சேர்த்தார்கள். இப்படித்தான் 'லெ வியோல் த்யு வாம்பீர்' பிறந்தது. சீரியல் பார்த்து வளர்ந்த மனிதருக்குச் செத்தவனை அடுத்த வாரம் எழுப்புவது ஒன்றும் பெரிய காரியமாகத் தோன்றியிருக்காது.

படம் வெளியான தேதி 1968 மே 27. பிரான்ஸ் முழுக்க வேலைநிறுத்தம், பாரிஸ் தெருக்களில் தடுப்பரண், கண்ணீர்ப்புகை. பெரிய படங்களைக் கையில் வைத்திருந்தவர்கள் யாரும் வெளியிடத் தயாராக இல்லை. ஆக புதுப் படம் என்று சொல்ல அந்த நேரத்தில் கொட்டகைகளில் இருந்தது கிட்டத்தட்ட இது ஒன்றுதான். கூட்டம் வந்தது. வந்த கூட்டம் என்ன பார்க்கிறோம் என்றே தெரியாமல் கொந்தளித்தது, கத்தினார்கள், கையில் கிடைத்ததைத் திரைமேல் எறிந்தார்கள் என்று ரொலானே பலமுறை சொல்லியிருக்கிறார். பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. மனசு உடைந்து சினிமாவையே விட்டுவிடலாமா என்று யோசித்தாராம். ஆனால் காசு வந்தது பாருங்கள், அவதூறுக்கு வந்த கூட்டமும் டிக்கெட் வாங்கித்தானே வருகிறது, செல்ஸ்கி அடுத்த படத்துக்கும் தயாரிப்பாளராக நின்றார்.

அந்த அடுத்த படத்தில், 1970இல் வந்த 'லா வாம்பீர் ந்யு'வில், வண்ணம் வந்தது, காஸ்தெல் இரட்டைச் சகோதரிகளும் வந்தார்கள். கத்ரீன், மரி-பியேர் என்ற இரட்டையர். அதன்பிறகு இரண்டு பெண்கள் என்பது ரொலான் படத்தின் முத்திரையாகிவிட்டது. ஒரே வயது, ஒரே மாதிரி உடை, கைகோத்து நடப்பார்கள், ஒருத்தி ஆரம்பிக்கும் வாக்கியத்தை இன்னொருத்தி முடிப்பாள். 1971-72இல் வந்த 'ரெக்வியம் பூர் அன் வாம்பீர்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோமாளி வேஷத்தில் இரண்டு பெண்கள் காரில் தப்பி ஓடுகிறார்கள், பின்னால் துரத்துகிறார்கள், சுடுகிறார்கள். யார் இவர்கள், ஏன் கோமாளி வேஷம், எதிலிருந்து தப்புகிறார்கள்? பதில் வராது. ஒரு குட்டையில் முகச்சாயத்தைக் கழுவிவிட்டு நடந்துபோகிறார்கள். ஏறத்தாழ பாதிப் படம்வரை வசனம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. கல்லறைத் தோட்டத்தில் ஒருத்தி புதுக்குழியில் தவறி விழுகிறாள், குழிவெட்டுகிறவர் அதைக் கவனிக்காமல் மண்ணைத் தள்ளிக்கொண்டிருக்கிறார். கதையைத் திட்டம் போடாமல் தோன்றியதைத் தோன்றிய வரிசையில் எழுதினேன் என்று ரொலான் சொன்னதை நம்பலாம், பார்த்தாலே தெரியும், ஒரு காட்சியின் முடிவில் அடுத்தது என்ன என்று எடுத்தவருக்கே தெரியவில்லை. குழந்தை கதை சொல்லுமே, 'அப்புறம், அப்புறம்' என்று, அந்த மாதிரி.

ஆனால் அதே படத்தில் நிலவறையில் பெண்களைச் சங்கிலியில் கட்டி வைத்து நடக்கும் நீண்ட வன்கொடுமைக் காட்சி ஒன்று இருக்கிறது. அதை நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. வியாபாரத்துக்காகத் திணித்தது என்பது வெட்டவெளிச்சம், மற்றக் காட்சிகளில் இருக்கிற கனவுத்தன்மை இதில் சுத்தமாக இல்லை, கேமரா நிற்கிற இடமே வேறு ஆள் நிறுத்திய மாதிரி இருக்கிறது. ரொலான் படங்களின் பேரம் இதுதான். தயாரிப்பாளருக்கு வேண்டியது நிர்வாணமும் ரத்தமும். ரொலானுக்கு வேண்டியது பாழடைந்த கோட்டை, கடிகாரம், கடற்கரை. இத்தனை நிமிடம் உங்களுக்கு, மிச்சம் எனக்கு என்ற கணக்கு. ரசிகர்களில் சிலர் எல்லாமே கவிதை என்று தூக்கிப்பிடிப்பார்கள், அது அப்படி இல்லை. சில காட்சி கவிதை, சில காட்சி வாடகை கட்டின காசு.

பேரம் எதுவுமில்லாமல் தன் இஷ்டத்துக்கு எடுத்த படம் என்றால் 1973இல் வந்த 'லா ரோஸ் த ஃபேர்', இரும்பு ரோஜா. அவருடைய ஆகச்சிறந்த படம் எது என்று கேட்டால் நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன், எனக்கு ஒத்துப்போகிறவர்களும் நிறையப் பேர். வாம்பயர் கிடையாது, பேய் கிடையாது, கொலைகாரன் கிடையாது. ஒரு கல்யாண விருந்தில் ஒரு பையன் கவிதை சொல்கிறான், ஒரு பெண் கேட்கிறாள், மறுநாள் பழைய நீராவி என்ஜின்கள் துருப்பிடித்து நிற்கிற ரயில்வே யார்டில், பனிமூட்டத்தில், சைக்கிளோடு சந்திக்கிறார்கள். அங்கிருந்து ஒரு பெரிய கல்லறைத் தோட்டத்துக்குள் போகிறார்கள். படமாக்கியது அமியான் நகரத்தின் பழைய கல்லறைத் தோட்டத்தில். கொடி படர்ந்து, சிலைகள் கைகால் உடைந்து, காடாகக் கிடக்கும் இடம். ஒரு கல்லறையின் இரும்புக் கதவைத் தூக்கி உள்ளே இறங்குகிறார்கள். மேலே ஒரு கோமாளி வேஷக்காரர் வந்து ஒரு சமாதியில் பூ வைத்துவிட்டுப் போகிறார், அவரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. இவர்கள் மேலே வரும்போது இருட்டிவிட்டது. வெளியே போகிற வழி தெரியவில்லை.

மிச்சப் படம் முழுக்க அவ்வளவுதான், வழி தேடுவது. முதலில் பையன்தான் தைரியசாலி, பெண் பயப்படுகிறாள். நேரம் ஆக ஆக இது அப்படியே திரும்புகிறது. அவன் கத்துகிறான், கோபப்படுகிறான், சிலுவையைப் பிடுங்கி உடைக்கிறான். அவள் அமைதியாகிக்கொண்டே போகிறாள், செத்தவர்கள் பாவம், அவர்களைத் தொந்தரவு செய்யாதே என்கிற நிலைக்கு வருகிறாள், கல்லறைகளுக்கு நடுவே நடனமாடுகிறாள். இடையில் திடீரென்று பூர்வில் கடற்கரை, இரும்புச் சிலுவைகள், அலை. விடியும்போது அந்தப் பெண் என்ன செய்கிறாள் என்பதைச் சொல்ல மாட்டேன், பாருங்கள். அந்தப் பெண்ணாக நடித்தவர் ஃபிரான்ஸ்வாஸ் பஸ்கால், மொரீஷியஸில் பிறந்தவர். 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' என்ற பழைய இங்கிலீஷ் நகைச்சுவைத் தொடரைப் பார்த்தவர்களுக்கு இந்த முகம் தெரியும், வகுப்பில் வரும் பிரெஞ்சு மாணவி தனியேல் இவர்தான். அந்தத் தொடரைச் சிரித்துச் சிரித்துப் பார்த்துவிட்டு இந்தப் படத்தைப் போட்டால் வருகிற அதிர்ச்சி தனி.

இரும்பு ரோஜா படுதோல்வி. ரொலான் சொந்தமாகப் பணம் புரட்டிய படம், கடன் கழுத்தைப் பிடித்தது. அதன்பிறகு மிஷேல் ஜான்தி என்ற பெயரிலும் வேறு புனைபெயர்களிலும் ஆபாசப் படங்கள் எடுக்க ஆரம்பித்தார். இதை மூடிமறைக்க வேண்டியதில்லை, அவரும் மறைத்ததில்லை, பிழைப்பு. 1975இல் வந்த 'லெவ்ர் த சான்' இந்தப் பிழைப்பின் வலியை ரொம்பத் துல்லியமாகக் காட்டுகிறது. அந்த வருடம்தான் பிரான்சில் ஆபாசப் படங்கள் கொட்டகைகளை அடித்துக்கொண்டு போயின, வருடக் கடைசியில் அரசு அவற்றைத் தனி வகையாகப் பிரித்துப் பெரிய வரி போட்டது. நடுவில் மாட்டிக்கொண்டது ரொலான் மாதிரி ஆட்கள். 'லெவ்ர் த சான்' ஓடவில்லை, போட்ட பணத்தை எடுக்க அதே படத்தை வெட்டி, ஆபாசக் காட்சிகளை எடுத்து ஒட்டி, வேறு பெயரில் வெளியிட்டார்கள்.

அந்தப் படம் எதைப் பற்றியது தெரியுமா? ஒருவன் பாரிஸில் ஒரு விருந்தில் நிற்கிறான். ஒரு வாசனைத் திரவியத்தின் விளம்பர நிகழ்ச்சி. சுவரில் ஒரு புகைப்படம், கடலோரத்தில் இடிந்த கோட்டை. அதைப் பார்த்ததும் ஏதோ ஞாபகம் வருகிறது. சின்னப் பையனாக இருந்தபோது இரவில் வழிதவறி இந்தக் கோட்டைக்குப் போனேன், வெள்ளை உடையில் ஒரு பெண் இருந்தாள், எனக்கு இடம் கொடுத்தாள். அம்மாவிடம் கேட்கிறான், நீ கனவு கண்டிருப்பாய் என்கிறாள். கோட்டை எங்கே இருக்கிறது என்று சொல்லக்கூடிய புகைப்படக்காரி கொலை செய்யப்படுகிறாள். யாரோ அவன் அந்த இடத்தைக் கண்டுபிடிக்கக்கூடாது என்று பார்த்துக்கொள்கிறார்கள். அவன் தேடி அலைகிறான், இரவுப் பாரிஸ் வெறிச்சோடிக் கிடக்கிறது, நான்கு வாம்பயர் பெண்கள் சத்தமில்லாமல் பின்னால் வந்து அவனைக் காப்பாற்றுகிறார்கள். நடுவில் அவன் ஒரு சினிமாக் கொட்டகையில் போய் உட்கார்கிறான், திரையில் ஓடுவது ரொலானின் பழைய வாம்பயர் படம். கடைசியில் வேறு எங்கே, பூர்வில். அவனும் அந்தப் பெண்ணும் ஒரே சவப்பெட்டியில் படுத்துக்கொள்கிறார்கள், மூடியைச் சாத்திக்கொள்கிறார்கள், அலை பெட்டியை இழுத்துக்கொண்டு போகிறது. ரொம்ப நேரம் அந்தப் பெட்டி மிதந்து போவதைக் காட்டுகிறார், சின்னதாகிக்கொண்டே போகிறது.

அவருடைய எல்லாப் படத்துக்குள்ளும் ஒளிந்திருக்கிற கதை இதில்தான் மேலே வந்துவிட்டது என்று நான் நினைக்கிறேன். வாம்பயர் அவருக்கு ரத்தம் குடிக்கிற பிராணி இல்லை. சின்ன வயதில் எப்போதோ பார்த்த ஒரு இடம், ஒரு முகம், ஒரு சாயங்காலம், அது அப்படியே வயதாகாமல் எங்கோ இருக்கிறது என்ற நம்பிக்கை, அதற்கு ஒரு உடம்பு வேண்டுமே, அந்த உடம்புதான் வாம்பயர். சாகாது, மாறாது, காத்துக்கொண்டிருக்கும். பூர்வில் கரையில் இளவயதில் கண்டது மனசில் அப்படியே தங்கிவிட்டதால்தான் அங்கேயே திரும்பத் திரும்பப் போனார். நடிகர்கள் தூக்கத்தில் பேசுவதுபோல் பேசுவதும் இதனால்தான் பொறுத்துக்கொள்ள முடிகிறது. எல்லாரும் ஒருவருடைய ஞாபகத்துக்குள் நடக்கிறார்கள். பாதிப் பேர் நடிப்புப் பயிற்சி இல்லாதவர்கள், பல நாள் ஒரே ஒரு டேக்தான் எடுக்க முடியும், ஃபிலிமுக்குக் காசில்லை என்ற நிஜக் காரணங்களும் இருக்கின்றன, இல்லாமல் இல்லை. ஆனால் காசில்லாத எல்லாப் படமும் இப்படி ஆகிவிடவில்லையே.

1978இல் 'லே ரெஸான் த லா மோர்', சாவின் திராட்சைகள். இதைப் பிரான்சின் முதல் கோர் படம், அதாவது ரத்தத்தையும் சிதைவையும் அப்பட்டமாகக் காட்டுகிற படம், என்று சொல்வதுண்டு. செவேன் மலைப்பகுதியில் கடுங்குளிரில் எடுத்தது. ஒரு பெண் தன் வருங்காலக் கணவனைப் பார்க்க ரயிலில் போகிறாள், அவன் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறான். தோட்டத்தில் அடித்த புது பூச்சிமருந்து வைனில் கலந்து, குடித்தவர்கள் உடம்பெல்லாம் அழுகி, புத்தி பேதலித்துக் கொலைசெய்கிறார்கள். தப்பிப்பது யார்? பீர் குடித்த இரண்டு ஆட்கள். வைன் தேசத்தில் இப்படி ஒரு கதையை எழுதத் தனித் துணிச்சல் வேண்டும். இந்தப் படத்தில் ரொலான் ஒழுங்காகக் கதை சொல்கிறார், நடிகர்கள் நடிக்கிறார்கள், பயமும் இருக்கிறது. முதல்முறை பார்ப்பவர்களுக்கு இது சுலபமான வாசல்.

இதில் சின்ன வேடத்தில் வந்த பிரிஜித் லாயி அப்போது பிரான்சின் பெரிய ஆபாசப்பட நட்சத்திரம். ரொலான் அவரை மற்றவர்கள் பார்த்த மாதிரிப் பார்க்கவில்லை, நடிகையாகப் பார்த்தார். அடுத்த வருடம் 'ஃபாசினாசியோன்' படத்தில் முக்கியப் பாத்திரம் கொடுத்தார். 1905ஆம் வருடம், ரத்தசோகைக்கு மருந்தென்று மேல்தட்டுப் பெண்கள் கசாப்புக்கூடத்துக்கு வந்து மாட்டு ரத்தம் குடிக்கிறார்கள் என்று படம் ஆரம்பிக்கிறது. வெள்ளை உடுப்பு, தரை முழுக்க ரத்தம், கண்ணாடிக் கோப்பை. அப்படி ஒரு வைத்தியம் அந்தக்கால பாரிஸில் நிஜமாகவே இருந்தது, ரொலான் கற்பனை செய்ய வேண்டியது அடுத்த படிதான்: மாட்டோடு நிற்காவிட்டால்? தங்கம் திருடிக்கொண்டு ஓடிவந்த ஒருவன், சுற்றிலும் தண்ணீர் உள்ள மாளிகையில் ஒளிந்துகொள்ள வருகிறான், உள்ளே இரண்டு பெண்கள் மட்டும் இருக்கிறார்கள், தான் மிரட்டுகிறவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். மாளிகைக்குப் போகிற கல்பாலத்தில் பிரிஜித் லாயி கறுப்பு அங்கியும் கையில் புல் அறுக்கும் நீள அரிவாளுமாக நடந்து வருகிற அந்த ஒரு காட்சி, ரொலான் என்று தேடினாலே முதலில் வந்து நிற்கும். முழுப் படம் அந்த ஒரு காட்சியைவிட நன்றாகவே இருக்கிறது, அவசரமே இல்லாத படம்.

1980இல் 'லா ந்யுயி தே த்ராக்கே'. மிகக் குறைந்த நாட்களில், பாரிஸை ஒட்டிய லா தெஃபான்ஸ் என்ற அலுவலகப் பகுதியின் பக்கத்துக் கண்ணாடி அடுக்குமாடிகளில் எடுத்தது. ஒரு விபத்தால் ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகிற ஆட்களை ஒரு கோபுரக் கட்டடத்தில் அடைத்து வைத்திருக்கிறார்கள். இரண்டு பெண்கள் உட்கார்ந்து, நமக்குச் சின்ன வயதில் இது நடந்தது, அது நடந்தது என்று ஒருவருக்கொருவர் ஞாபகங்களை இட்டுக்கட்டிக் கொடுத்துக்கொள்கிறார்கள். கோட்டை இல்லை, கடற்கரை இல்லை, ஞாபகமே திருடுபோய்விட்ட ரொலான் படம் இது. எனக்கு இதில் கடைசி இரண்டு நிமிடம் போதும், மற்றபடி தொய்வு அதிகம்.

1982இல் வந்த 'லா மோர்த் விவான்த்' வெளியே அதிகம் தெரிந்த படம். பாழடைந்த குடும்ப மாளிகையின் நிலவறையில் யாரோ ரசாயனப் பீப்பாய்களைக் கொண்டுவந்து போடுகிறார்கள், அது கொட்டி, செத்து இரண்டு வருடமான பெண் எழுந்துவிடுகிறாள். சின்ன வயதில் அவளோடு ரத்தச் சத்தியம் செய்துகொண்ட தோழி ஒருத்தி, இவளுக்கு உணவாக ஆட்களைக் கூட்டிவர ஆரம்பிக்கிறாள். செத்தவளுக்குத் தான் செத்திருக்கவேண்டும் என்று புரிகிறது, உயிரோடு இருக்கிறவளுக்குத்தான் புரியவில்லை. கடைசிக் காட்சியை என்னால் இரண்டாம் முறை பார்க்க முடியவில்லை, ரத்தத்துக்காக இல்லை, ஃபிரான்ஸ்வாஸ் பிளான்ஷாரின் அந்த அலறலுக்காக.

அதன்பிறகு உடம்பு ஒத்துழைக்கவில்லை, சிறுநீரகக் கோளாறு, டயாலிசிஸ். பெரும்பாலும் நாவல்கள் எழுதினார். தன் நாவலையே வைத்து 1997இல் எடுத்த 'லே தூஸ் ஓர்ஃப்லீன் வாம்பீர்' படத்தில் இரண்டு அநாதைப் பெண்கள், பகலில் பார்வை இல்லாதவர்கள், இரவில் எல்லாம் தெரியும், நீல வெளிச்சத்தில் நகரத்தில் அலைகிறார்கள். இந்தச் சமயத்தில்தான் பிரான்சுக்கு வெளியே அவர் பெயர் ஏறத் தொடங்கியது. இங்கிலாந்தில் ரிடெம்ப்ஷன் என்ற வீடியோ கம்பெனி படங்களை வரிசையாக வெளியிட்டது, ஐரோப்பிய மலிவுப் படங்களைப் பற்றி 1994இல் வந்த ஒரு புத்தகம் அவருக்கு ஒரு அத்தியாயமே ஒதுக்கியது, அப்புறம் புளூரே, சுத்தப்படுத்திய பிரதிகள், 2022இல் அவரைப் பற்றியே ஒரு நீண்ட ஆவணப்படம். சொந்த ஊர் விமர்சகர்கள் அவரைக் கண்டுகொள்ள ரொம்ப நாள் ஆயிற்று. 2010 டிசம்பர் 15இல் காலமானார், பாரிஸின் பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். கடைசிப் படத்தின் சில காட்சிகளையும் அங்கேதான் எடுத்திருந்தார், அதில் மெதூசாவாக, பார்த்தவர்களைக் கல்லாக்கும் கிரேக்கப் புராணப் பெண்ணாக, நடித்தவர் அவருடைய மனைவி.

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்கு: முதலில் 'ஃபாசினாசியோன்', பிடித்தால் சாவின் திராட்சைகள், அதுவும் பிடித்தால் ஒரு இரவு தனியாக உட்கார்ந்து இரும்பு ரோஜா. போனைத் தூர வைத்துவிடுங்கள். 'லெ லாக் தே மோர் விவான்' என்று ஒரு ஏரி ஜாம்பிப் படம் வழியில் கண்ணில் படும். வேறொரு இயக்குநர் வராமல் போக, கடைசி நிமிடத்தில் ரொலானைக் கூப்பிட்டு, வேறு பெயர் போட்டு எடுக்கச் சொன்ன படம். அதில் ஜாம்பி நாஜிகளின் முகத்தில் பூசிய பச்சைச் சாயம் கடிபடுகிறவர்கள் கழுத்தில் ஒட்டிக்கொள்ளும், ஏரிக்கு அடியில் என்று காட்டுகிற இடத்தில் நீச்சல் குளத்தின் சுவர் தெரியும். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்திருக்கும்போது போடுங்கள், நன்றாகச் சிரிக்கலாம், ரொலானுக்கும் அதில் ஆட்சேபம் இருந்திருக்காது.